ப்ரீ-ஃபார்மசி: முதல் இரண்டு ஆண்டுகளை எங்கே படிப்பது?

மைசூர் தேவராஜ மொஹல்லாவில், சாயாஜி ராவ் சாலையிலிருந்து பிரிந்து செல்லும் தெரு ஒன்றுக்குத் தன்வந்திரி சாலை என்று பெயர். மருத்துவக் கடவுளின் பெயர் அங்கே காரணமின்றி வைக்கப்பட்டதாகத் தோன்றவில்லை. அருகிலேயே அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது. சற்றுத் தொலைவில், 1924-இல் பெங்களூரில் தொடங்கி 1930-இல் மைசூருக்கு இடம்பெயர்ந்த மருத்துவக் கல்லூரியும், அதனோடு இணைந்த கே.ஆர். மருத்துவமனையும் உள்ளன. தேவராஜ மார்க்கெட்டின் மல்லிகை வாசனையும் மருந்துக் கடைகளின் நெடியும் ஒன்றாகக் கலந்து வரும் பகுதி அது. கையில் மருந்துச் சீட்டுடன் நடப்போர் எந்நேரமும் அங்கே தென்படுவர்.

அப்பகுதியில் வாடகைக் கட்டடத்தில் மருந்துக் கடை நடத்தி வரும் தமிழர் ஒருவர், 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மனைவியுடனும் மகளுடனும் நம் கிளைக்கு வந்தார். அவருடைய தந்தை சேலத்துப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக மைசூர் வந்தவர். இவர் டி.ஃபார்ம் படித்து, மாநில மருந்தியல் மன்றத்தில் பதிவு பெற்று, முப்பது ஆண்டுகளாக அதே கடையில் நிற்பவர். மகள் அந்த ஆண்டுதான் இரண்டாம் பி.யு.சி. தேறியிருந்தாள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்திருந்த அனுமதிக் கடிதத்தை அவர் மேசைமேல் வைத்தார். அதன்மேல், சொந்த வீட்டின் பத்திரத்தை வைத்தார்.

"ஆறு வருஷப் படிப்பு, சார். முடித்தால் அங்கேயே ஃபார்மசிஸ்ட். எவ்வளவு கடன் கிடைக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

அப்போது நான் கல்விக் கடன் பிரிவில் இருந்தேன். பத்திரத்தை ஒதுக்கிவிட்டுக் கடிதத்தைத்தான் முதலில் வாசித்தேன். பின் மறுபடியும் வாசித்தேன். அதில் ஆறு ஆண்டுப் படிப்பு என்று எங்கும் இல்லை. உயிரியல் இளநிலைப் படிப்பில் சேர்த்துக்கொள்வதாகவும், மாணவியின் விருப்பத் துறை 'ப்ரீ-ஃபார்மசி' என்று குறித்துக்கொண்டிருப்பதாகவும் மட்டுமே இருந்தது. இடைத்தரகர் வாய்மொழியாகச் சொன்னதைக் குடும்பத்தினர் கடிதத்தில் இருப்பதாகவே நம்பியிருந்தனர். வீட்டுப் பத்திரம் மேசைக்கு வந்துவிட்ட பிறகு இதை எடுத்துச் சொல்வது எளிதாக இல்லை.

ப்ரீ-ஃபார்மசி என்பது பட்டம் அன்று. பெரும்பாலான இடங்களில் அது ஒரு பாடப்பிரிவுகூட அன்று. அமெரிக்காவில் மருந்தாளுநராகப் பணிபுரிய ஃபார்ம்.டி என்னும் நான்கு ஆண்டுத் தொழிற்பட்டம் வேண்டும். அங்கே பழைய இளநிலை மருந்தியல் பட்டம் வழக்கொழிந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த நான்கு ஆண்டுகளுக்குள் நுழைவதற்கு முன், பொது வேதியியல், கரிம வேதியியல், உயிரியல், நுண்ணுயிரியல், உடற்கூறும் உடலியங்கியலும், நுண்கணிதம், புள்ளியியல், ஆங்கிலக் கட்டுரை எழுதுதல், மேடைப் பேச்சு எனச் சில பாடங்களைக் கல்லூரி அளவில் தேறியிருக்க வேண்டும். அவற்றை முடிக்கப் பொதுவாக இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் பிடிக்கும். இந்தப் பாடங்களின் தொகுப்புக்கே ப்ரீ-ஃபார்மசி என்று பெயர். அதை முடித்தவர் ஃபார்ம்.டி இடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், நேர்காணலுக்குச் செல்ல வேண்டும், மறுக்கப்படவும் கூடும். எனவே அந்த மாணவிக்குக் கிடைத்திருந்தது வாசல்வரை செல்லும் அனுமதியே.

நம் ஊர் மாணவர்களுக்கு இங்கே ஒரு சிறு வசதி உண்டு. கர்நாடகத்தில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகிய நான்கையும் எடுத்துப் பி.யு.சி. படிப்போர் மிகுதி. அமெரிக்க முன்பாடங்களில் கணிதமும் உயிரியலும் சேர்ந்தே வருவதால், கணிதத்தை விட்டுவிட்டுச் சென்றவர் அங்கே முதலாண்டில் திணறுவதைப் போல இவர்கள் திணறுவதில்லை. ஆயினும் பி.யு.சி. மதிப்பெண்கள் அந்தக் கல்லூரிப் பாடங்களுக்கு ஈடாகிவிடா.

அங்கே செல்லும் வழிகள் பல. செலவு குறைந்தது, சமுதாயக் கல்லூரி எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரியில் முன்பாடங்களை முடித்துப் பின் மாறிக்கொள்வது. எஃப்-1 மாணவர் விசாவில் அங்கும் படிக்கலாம். ஆனால் எல்லா ஃபார்ம்.டி கல்லூரிகளும் அங்குப் படித்த அறிவியல் பாடங்களை ஒரே கண்ணோடு பார்ப்பதில்லை. நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் படித்த வேதியியலையே விரும்பும் இடங்கள் உண்டு. எந்தக் கல்லூரிக்கு மாற எண்ணுகிறோமோ, அதனிடம் எந்தப் பாடம் ஏற்கப்படும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் இவ்வழியில் இறங்கக் கூடாது. அடுத்தது, பல்கலைக்கழகம் ஒன்றில் நான்காண்டு இளநிலைப் பட்டத்தை முடித்துப் பின் ஃபார்ம்.டி செல்வது. மொத்தம் எட்டு ஆண்டுகள். இதில் ஆறுதல் ஒன்று உண்டு: ஃபார்ம்.டி கிடைக்காவிட்டாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும்.

மூன்றாவது வழியைத்தான் அந்தத் தந்தை தமக்குக் கிடைத்துவிட்டதாக எண்ணியிருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரை நேரடியாக ஆறாண்டுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் சில உள்ளன. நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் அத்தகைய திட்டம் உண்டு. பாஸ்டனில், 1823-இல் தோன்றிய மாசச்சூசெட்ஸ் மருந்தியல் கல்லூரியின் வழிவந்த பல்கலைக்கழகத்திலும் உண்டு. குறிப்பிட்ட மதிப்பெண் தரத்தைக் காத்துக்கொண்டால், இடையில் புதிதாகப் போட்டியிடாமல் தொழிற்பட்டப் பிரிவுக்குள் செல்லலாம். கட்டணம் கூடுதலே, உறுதியும் கூடுதல். இவற்றுள்ளும் கவனம் வேண்டும். 1821-இல் நிறுவப்பட்டு, வட அமெரிக்காவின் முதல் மருந்தியல் கல்லூரி என்ற பெருமை பெற்ற பிலடெல்பியா மருந்தியல் கல்லூரி, தான் வளர்ந்து உருவான பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2022-இல் வேறொரு பல்கலைக்கழகத்துடன் இணைந்துவிட்டது. இருநூறு ஆண்டு கண்ட கல்லூரிக்கே இந்நிலை என்றால், நேற்றுத் தொடங்கியவை ஆறு ஆண்டுகள் அதே பெயரில் அதே இடத்தில் இருக்குமா என்று விசாரிப்பதில் தவறில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எண்பதளவில் இருந்த அமெரிக்க மருந்தியல் கல்லூரிகள் இன்று நூற்று நாற்பதை எட்டிவிட்டன. விண்ணப்பங்களோ குறைந்துவிட்டன. நுழைவுத் தேர்வாக நெடுங்காலம் இருந்த பி.கேட் 2024-இல் கைவிடப்பட்டது. இடம் கிடைப்பது முன்னைவிட எளிது என்பதே இதன் பொருள். எளிதாகக் கிடைக்கும் இடத்தை நம் மதிப்புக்குக் கிடைத்த சான்றாக எண்ணிவிடக் கூடாது.

வெளிநாட்டு மாணவருக்கென்றே உள்ள முட்கள் வேறு. அமெரிக்கக் கூட்டரசின் கல்வி உதவித்தொகையும் கடனும் அவருக்கு இல்லை. ஐ-20 படிவம் பெறுவதற்கே முதலாண்டுச் செலவுக்கான பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். பருவ காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய இயலாது. ஃபார்ம்.டி படிக்கும்போது மருந்தகங்களில் பயிற்சி பெற மாநில மருந்தியல் வாரியத்தின் பயிற்சி உரிமம் வேண்டும். அதற்குப் பல மாநிலங்கள் சமூகப் பாதுகாப்பு எண் கேட்கின்றன. அந்த எண்ணோ, வேலை அனுமதி பெற்ற மாணவருக்கே கிடைக்கிறது. இதைத் தீர்த்துவைக்க வழி தெரிந்த கல்லூரிகள் உள்ளன. முன்பின் வெளிநாட்டு மாணவரைக் கண்டிராத கல்லூரிகளும் உள்ளன. "உங்களிடம் எஃப்-1 விசாவில் இதுவரை எத்தனை பேர் ஃபார்ம்.டி முடித்திருக்கிறார்கள்?" என்ற ஒரு கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பினாலே பாதி விவரம் தெரிந்துவிடும்.

நான் இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, அதுவரை பேசாதிருந்த அந்தப் பெண் கேட்டாள்: "சார், அங்கே படித்தால்தான் அங்கே மருந்தாளுநர் ஆக முடியுமா? இங்கே படித்துவிட்டுப் போனால் ஆகாதா?"

தந்தை அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்வியை வீட்டில் யாரும் எழுப்பவில்லை போலும்.

ஆகும், ஆனால் எந்தப் படிப்பு என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டில் மருந்தியல் படித்தவர்களின் தகுதியை ஆராயும் அமெரிக்கக் குழு, 2003-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்குப் பின் பட்டம் பெற்றவர்களிடம் குறைந்தது ஐந்தாண்டு மருந்தியல் பாடத்திட்டத்தை எதிர்பார்க்கிறது. நம் நாட்டு பி.ஃபார்ம் நான்கு ஆண்டுகளே. இந்த ஒரு விதியால் இந்தியப் பட்டதாரிகள் பல்லாயிரவருக்கு அக்கதவு மூடிற்று. மேலே எம்.ஃபார்ம் படித்து ஆண்டுக் கணக்கைக் கூட்டிக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் உண்டு. குழு பார்ப்பது அடிப்படைத் தொழிற்படிப்பின் நீளத்தையே. இந்திய மருந்தியல் மன்றம் 2008-இல் ஃபார்ம்.டி படிப்புக்கான விதிமுறைகளை வெளியிட்டது. ஐந்தாண்டு பாடம், ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி, ஆக ஆறு ஆண்டுகள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் நேரே சேரலாம். இதை முடித்து இந்தியாவில் மருந்தாளுநராகப் பதிவு பெற்றவர், அந்தக் குழுவின் தகுதித் தேர்வையும் டோஃபல் ஆங்கிலத் தேர்வையும் எழுதலாம். அதன் பின் மாநில வாரியம் வகுக்கும் பயிற்சி மணிகளை நிறைத்து, உரிமத் தேர்வுகளுக்குச் செல்லலாம். கனடாவின் தேர்வு வாரியமோ நான்காண்டு பி.ஃபார்ம் பட்டதாரிகளையும் ஆவணச் சரிபார்ப்புக்குப் பின் தன் தேர்வுகளுக்கு ஏற்கிறது. 'வெளிநாடு' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு நாட்டின் வாசலுக்கும் உயரம் வேறு.

வேடிக்கை என்னவெனில், இந்தப் படிப்புக்கு அந்தக் குடும்பம் ஊரைவிட்டே செல்ல வேண்டியதில்லை. நோயாளியின் படுக்கையருகே சென்று மருந்தைக் கண்காணிக்கும் மருந்தகப் பயிற்சியியல், இந்தியாவில் முறையான முதுநிலைப் படிப்பாக வேரூன்றிய இடங்களுள் மைசூரும் உதகையும் முதன்மையானவை. 1973-இல் தொடங்கிய மைசூர் ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரியும், 1980-இல் தொடங்கிய அதன் உதகைக் கல்லூரியும் 1990-களின் பிற்பகுதியில் அப்படிப்பைத் தொடங்கின. பின்னாளில் ஃபார்ம்.டி வந்தபோது அதற்கேற்ற மருத்துவமனைத் தொடர்பு அவற்றிடம் முன்னமே இருந்தது. விதிமுறையின்படி ஃபார்ம்.டி நடத்தும் கல்லூரிக்குக் குறைந்தது 300 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையின் துணை வேண்டும். ஆண்டுக்கு 30 இடங்களே. மலேசியா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து மைசூருக்குப் படிக்க வர எண்ணும் தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒரு சொல்: உங்கள் பள்ளித் தேர்வுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் இணைச் சான்று பெறுவதை முதலில் முடித்துவிடுங்கள். சேர்க்கைக் காலத்தில் அதற்கு ஓடுவது வீண் பதற்றம்.

இனி, என் தொழில் சார்ந்த பகுதிக்கு வருகிறேன். அன்று அந்த மேசையில் ஒரு தாளில் போட்ட கணக்கு இது. கட்டணம், தங்குமிடம், உணவு, காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 40,000 டாலர் என்று வைத்துக்கொண்டோம். தனியார் பல்கலைக்கழகங்களில் இதைவிடக் கூடும். ஆறு ஆண்டுகளுக்கு 2,40,000 டாலர். அன்றைய மாற்று மதிப்பு ஏறத்தாழ 78 ரூபாய். ஆகவே 1 கோடியே 87 லட்சம். வீட்டை விற்றாலும் அத்தொகை வராது என்று தந்தை மெல்லிய குரலில் சொன்னார். டாலர் ஒரு ரூபாய் ஏறினால் இத்தொகை 2 லட்சத்து 40 ஆயிரம் ஏறும் என்றேன். 2010-இல் 46 ரூபாய்க்கு அருகே இருந்த டாலர் 2025-இன் இறுதியில் 90 ரூபாயைத் தொட்டது. ஈட்டுவது ரூபாயிலும் செலவிடுவது டாலரிலும் என்றால், ஆறு ஆண்டு என்பது மிக நீண்ட காலம்.

பெற்றோர் பலர் கவனிக்கத் தவறுவது வட்டியின் இயல்பை. படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கேட்கப்படுவதில்லை. அதனால் வட்டியும் இல்லை என்று எண்ணிவிடுகிறார்கள். வட்டி முதல் நாளிலிருந்தே கணக்கேறும். முதலாண்டில் பெற்ற 10 லட்சம், 10 சதவீதத் தனிவட்டியில் ஏழு ஆண்டுகள் நின்றால், 7 லட்சம் வட்டியைச் சேர்த்துக்கொண்டுதான் முதல் தவணைக்கு வந்து நிற்கும். கடைசி ஆண்டில் பெற்ற 10 லட்சத்துக்கு இரண்டாண்டு வட்டியே. ஆகையால் கடனில் மிகுந்த விலை கொடுத்து வாங்கும் ஆண்டுகள் முதல் இரண்டு ஆண்டுகளே. அந்த ஆண்டுகளில் கற்பதோ பொது வேதியியலும் அடிப்படை உயிரியலும். உலகில் எங்கும் குறைந்த செலவில் கற்கக்கூடியவை. இந்த முரண்பாட்டை அந்தத் தாயார்தான் முதலில் பிடித்துக்கொண்டார். "விலை மலிந்த சரக்கை உச்ச விலைக்கு வாங்குகிற மாதிரி இருக்கிறதே, சார்" என்றார். மார்க்கெட்டை ஒட்டி வாழ்பவரின் கணக்கு.

கடன் விதிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தின்படி 7.5 லட்சம் வரை சொத்து ஈடு வேண்டியதில்லை. அதற்கு மேல் சொத்து ஈடு கேட்கப்படும். வெளிநாட்டுப் படிப்பெனில் செலவில் 15 சதவீதத்தைக் குடும்பம் தன் பங்காகப் போட வேண்டும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்தர உள்நாட்டு நிறுவனங்களில் சேர்வோருக்கு ஈடும் பொறுப்பாளரும் இன்றிக் கடன் தருகிறது. வெளிநாட்டுப் படிப்புக்கு அது பொருந்தாது. வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை கழிவு உண்டு. பழைய வரிமுறையில் இருப்போருக்கு மட்டுமே அது கிட்டும் என்பதை மறந்துவிட்டுக் கணக்குப் போடுவோர் பலர். வெளிநாட்டுக்குக் கட்டணம் அனுப்பும்போது, வங்கிக் கல்விக் கடனிலிருந்து செல்லும் தொகைக்கு 2025 ஏப்ரல் முதல் மூலத்தில் வரி வசூல் இல்லை. சொந்தச் சேமிப்பிலிருந்து ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால் உண்டு; வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம்.

இவ்வளவும் சொன்னபின் நேர்மைக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று. இங்கே ஃபார்ம்.டி படித்து, தகுதித் தேர்வும் தேறிவிட்டால் அமெரிக்காவில் வேலை நிச்சயம் என்று நான் கூறவில்லை. பயிற்சி மணிகளை நிறைக்க அங்கே வேலை அனுமதி வேண்டும். அதைத் தர ஒரு நிறுவனம் முன்வர வேண்டும். அங்கேயே படித்தவருக்குப் படிப்பு முடிந்ததும் ஓராண்டு வேலை அனுமதி இயல்பாகக் கிடைக்கிறது. வெளியிலிருந்து செல்பவருக்கு அது இல்லை. எச்-1பி விசாவோ குலுக்கலைச் சார்ந்தது. 2025 செப்டம்பரில், நாட்டுக்கு வெளியே இருப்போருக்கான புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டபின் அவ்வழி இன்னும் குறுகியிருக்கிறது. இதனாலேயே இங்கு ஃபார்ம்.டி முடித்தோரில் சிலர், மருந்தாளுநர் உரிமத்தை அப்போதைக்கு ஒத்திவைத்து, மருந்து அறிவியலிலோ மருந்து ஒழுங்குமுறையிலோ இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்குச் செல்கிறார்கள். அமெரிக்க அரசு அறிவியல் துறையாக வகைப்படுத்தியுள்ள படிப்பானால், ஓராண்டு வேலை அனுமதிக்கு மேல் 24 மாத நீட்டிப்பும் கிடைக்கும். கடனும் இரண்டாண்டுக்கானதே. அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள பிள்ளைக்கு இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும். அவர் அங்கேயே தொடங்குவதுதான் அறிவு. அந்தப் பெண்ணிடம் அத்தகைய உரிமை எதுவும் இல்லை.

அன்று அவர்கள் முடிவு எதையும் சொல்லாமலே எழுந்தனர். பத்திரத்தைத் துணிப்பையில் வைத்தபோது தந்தையின் முகத்தில் கோபம் இருந்தது. என்மேலா, இடைத்தரகர்மேலா என்று எனக்கு விளங்கவில்லை. தரகருக்குச் செலுத்திய முன்பணம் திரும்பி வரவில்லை என்று பின்னர் அறிந்தேன். மூன்று மாதங்கள் கழித்து மகள் மட்டும் வந்தாள். மைசூரிலேயே ஃபார்ம்.டி இடம் கிடைத்திருந்தது. கேட்ட கடன், அமெரிக்காவின் ஓராண்டுச் செலவில் பாதிகூட இல்லை. வீட்டின் பத்திரம் வீட்டிலேயே இருந்தது.

இப்போது அவள் நான்காம் ஆண்டில் இருக்கிறாள். மருத்துவமனை வார்டுகளுக்குச் சென்று, நோயாளிகளின் மருந்துப் பட்டியலில் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை உள்ளனவா என்று பார்க்கும் பயிற்சி நடக்கிறது. அண்மையில் தன்வந்திரி சாலையில் அந்தக் கடைப் பக்கம் சென்றேன். மாலைக் கூட்டத்தில் தந்தை சீட்டு வாங்க, மகள் அதைப் படித்துக்கொண்டிருந்தாள். முதியவர் ஒருவரை நிறுத்தி, இரத்த அழுத்த மாத்திரையோடு வலி மாத்திரையையும் தினமும் எடுத்துக்கொள்கிறாரா என்று கன்னடத்தில் கேட்டாள். ஆமென்றார் அவர். வலி மாத்திரையைக் கொடுக்காமல், டாக்டரிடம் ஒருமுறை கேட்டு வருமாறு சீட்டில் ஒரு வரி எழுதி அனுப்பினாள். விற்பனை ஒன்று போயிற்று. தந்தை என்னைப் பார்த்து, "இவளிடம் கடையை விட்டால் இப்படித்தான்" என்றார்.

அமெரிக்கா என்னவாயிற்று என்று கேட்டேன். ஐந்தாம் ஆண்டு ஆய்வுத் திட்டம் முடிந்த பிறகு யோசிக்கலாம் என்றாள் அவள். கனடாவின் ஆவணச் சரிபார்ப்புக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று குறித்து வைத்திருந்த நோட்டை எடுத்துக் காட்டினாள். அதன் கடைசிப் பக்கத்தில் கடனுக்கு ஒவ்வொரு ஆண்டும் ஏறிய வட்டியைத் தனித்தனியே எழுதியிருந்தாள். அதில் இரண்டாம் ஆண்டுக் கணக்கில் ஒரு சிறு பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.